கீமோ வாந்தியும் முள்சீத்தா கேப்சூலும்

கேள்வி: என் அம்மாவுக்கு 56 வயது. மார்பகப் புற்றுநோய்க்கு 21 நாளைக்கு ஒருமுறை சிவப்பு மருந்து கீமோ ஏற்றுகிறார்கள். இரண்டு முடிந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் நாலைந்து நாள் வாந்தி, அப்புறம் வாய்ப்புண், சாப்பாடே இறங்குவதில்லை. மூன்றாவது வேண்டவே வேண்டாம் என்று அழுகிறார். தெரிந்தவர் ஒருவர் முள்சீத்தா கேப்சூல் சாப்பிட்டால் பக்கவிளைவே வராது, மாதம் 8,000 ரூபாய் ஆகும் என்கிறார். கொடுக்கலாமா? கீமோவைக் கொஞ்சம் தள்ளிப்போடலாமா?

பதில்: கேப்சூல் வேண்டாம். கீமோவை நீங்களாகத் தள்ளிப்போடவும் வேண்டாம். ஆனால் அம்மா அழுவதில் நியாயம் இருக்கிறது. நாலைந்து நாள் வாந்தி எடுப்பது, கீமோ என்றால் அப்படித்தான் என்று விட்டுவிடுகிற விஷயம் இல்லை. முதல் கீமோ முடிந்ததுமே யாராவது கேட்டு, இரண்டாவதற்கு மாத்திரையை மாற்றியிருக்க வேண்டும். ஓபியில் ஒரு நோயாளிக்குக் கிடைப்பது சில நிமிடம்தான், அதில் 'எப்படிம்மா இருக்கீங்க' என்று கேட்டால் நம் அம்மாக்கள் 'பரவாயில்லை டாக்டர்' என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுகிறார்கள், அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள். இத்தனை வருஷமாக இதைப் பார்க்கிறேன், எரிச்சல்தான் வருகிறது.

அதனால் இந்த முறை கணக்காகச் சொல்லுங்கள். எந்தத் தேதியில் எத்தனை தடவை வாந்தி, எத்தனை டம்ளர் தண்ணீர் உள்ளே போனது, எத்தனை கிலோ குறைந்தது, எல்லாவற்றையும் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி டாக்டர் கையில் கொடுங்கள்.

சிவப்பு மருந்து என்பது பெரும்பாலும் டாக்ஸோரூபிசின். இதோடு வழக்கமாக சைக்ளோபாஸ்பமைடு என்ற இன்னொரு கீமோ மருந்தையும் சேர்த்து ஏற்றுவார்கள். வாந்தியை அதிகம் கிளப்பும் கீமோக்களில் இந்த ஜோடியும் ஒன்று. இதற்கு ஒரே மாத்திரை தாங்காது, மூன்று நான்கு மருந்தைச் சேர்த்துத்தான் தர வேண்டும். உங்கள் சீட்டில் ஒண்டான்செட்ரான் என்ற வாந்தி மாத்திரை மட்டும் இருந்தால், அப்ரெபிடன்ட் தரலாமா, ஓலான்சபைன் தரலாமா என்று பெயர் சொல்லியே கேளுங்கள். அப்ரெபிடன்ட் மூன்று நாளைக்கு மூன்று கேப்சூலாக வரும். முதல் கேப்சூல் கீமோ ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே உள்ளே போயிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து சாவகாசமாகப் போட்டுக்கொண்டு, மருந்து கேட்கவே இல்லை என்று சொல்கிறவர்கள் நிறைய. ஓலான்சபைன் வாங்கப் போனால் மருந்துக்கடையில் 'இது மனநோய்க்குத் தருகிற மாத்திரை ஆச்சே' என்பார்கள். பயப்படாதீர்கள், வாந்தியை அடக்குவதிலும் அது கெட்டிக்கார மருந்து. தூக்கம் தள்ளும், அதனால் இரவில் பாத்ரூம் போகும்போது கூடவே போங்கள்.

வாந்தி வந்த பிறகு மாத்திரையைத் தேடக்கூடாது. சீட்டில் எத்தனை நாள் போட்டிருக்கிறதோ அத்தனை நாளும் வாந்தி இல்லாவிட்டாலும் நேரத்துக்குக் கொடுங்கள். ஒண்டான்செட்ரான் மலச்சிக்கல் பண்ணும், அதற்கும் சிரப் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் எனிமா கொடுக்க வேண்டாம்.

வாய்ப்புண்ணுக்கு, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பும் ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடாவும் கலந்து நாளைக்கு நாலைந்து தடவை கொப்பளிக்க வேண்டும். எரிச்சல் தரும் மவுத்வாஷ் வேண்டாம். தாளிக்கிற வாசனையே குமட்டும் என்பதால் அம்மா இருக்கிற அறைக்குக் கதவைச் சாத்திவிட்டுச் சமையுங்கள். ஆறிய கஞ்சி, குழைந்த சாதம், நன்றாக வெந்த முட்டை என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். பத்தியம் என்று முட்டையையும் மீனையும் நிறுத்தச் சொல்கிற சொந்தக்காரர்களிடம், டாக்டர் சாப்பிடச் சொன்னார் என்று என் பேரில் சொல்லிவிடுங்கள்.

இனி அந்தக் கேப்சூல். முள்சீத்தா கீமோவைவிட 10,000 மடங்கு சக்தி உள்ளது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அது ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்த செல்களை வைத்துச் செய்த சோதனையிலிருந்து கிளம்பிய கதை. மனிதர்களிடம் அது புற்றுநோயைக் குணப்படுத்தியதற்கோ கீமோ பக்கவிளைவைத் தடுத்ததற்கோ நிரூபணம் கிடையாது. கரீபியன் கடலில் உள்ள குவாதலூப் தீவில் இந்தப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் வழக்கமாகச் சாப்பிட்டு வந்தவர்களிடம் பார்க்கின்சன் போன்ற ஒரு நரம்புநோய் கூடுதலாகத் தெரிந்தது. இதிலுள்ள அன்னோனாசின் என்ற பொருள் நரம்புக்கு ஆகாது என்று ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள். உங்கள் அம்மாவுக்குச் சிவப்பு மருந்து முடிந்ததும் அநேகமாக பேக்லிடாக்சல் என்ற அடுத்த கீமோவை ஆரம்பிப்பார்கள், அதுவே கைகால் நரம்பை மரத்துப்போகச் செய்கிற மருந்து. அதன்மேல் இதையும் போட வேண்டுமா?

அந்தத் 'தெரிந்தவர்' யாராக இருந்தாலும், பில் கொடுப்பாரா, அட்டையில் தயாரிப்பு உரிம எண் இருக்கிறதா, ஒரு டப்பாவுக்கு அவருக்கு என்ன கமிஷன் என்று கேளுங்கள். கீமோ வார்டு வாசலிலேயே வந்து நின்று, சொட்டை விழுந்த தலையைப் பார்த்து ஆள் பிடிக்கிறார்கள். பஸ்ஸுக்குக் காசு எண்ணி வருகிற குடும்பம் நகையை அடகு வைத்து இதை வாங்குகிறது. இதைத் தடுக்க யாருக்கும் நேரம் இல்லை. ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள், திட்டினாலும் பரவாயில்லை. ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் என்சைம்களின் அளவு ஏறியிருந்தால் அது எதனால் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

அந்த 8,000 ரூபாயில் முதலில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்குங்கள். கீமோ ஏறிய 7-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாள் வரை கிருமியை எதிர்க்கிற ரத்த வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அப்போது 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் அது அவசரம், நடுராத்திரி ஆனாலும் 108-ஐக் கூப்பிட்டுக் கிளம்ப வேண்டும். பாராசிட்டமால் போட்டுக் காலைவரை பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு, அதைத்தான் எல்லோரும் கோட்டைவிடுகிறார்கள். காய்ச்சலே இல்லாமலும் கிருமித்தொற்று இருக்கலாம். வாந்திக்காகத் தருகிற டெக்ஸாமெத்தசோன் காய்ச்சலை அடக்கிவிடும், உடம்புவலிக்குப் போட்ட பாராசிட்டமாலும் அடக்கிவிடும், வயதானவர்களுக்குச் சில நேரம் சூடே ஏறாது. தெர்மாமீட்டர் 98.6 காட்டினாலும் உடம்பு குளிரில் நடுங்கினாலோ, பேச்சு குழறினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, ஆள் திடீரென்று துவண்டு படுத்துவிட்டாலோ காய்ச்சல் வந்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள். பாராசிட்டமால் விஷம் என்று நான் சொல்லவில்லை, சூட்டைப் பார்த்து, மருத்துவமனையில் கேட்டுவிட்டுக் கொடுங்கள் என்கிறேன்.

மூன்றாவது கீமோவைத் தள்ளுவதா வேண்டாமா என்பதை ரத்த அணுக்களையும் வாய்ப்புண்ணையும் பார்த்து உங்கள் டாக்டர் சொல்லட்டும். தேவைப்பட்டால் அவரே ஒரு வாரம் தள்ளுவார், கீமோ மருந்தின் அளவைக் குறைப்பார், அணுக்கள் ஏற ஊசி போடுவார்.

கடைசியாக ஒன்று. ராத்திரி அவசரப் பிரிவில் புதிதாக இருக்கிற டியூட்டி டாக்டர் காய்ச்சல் ஊசி ஒன்றைப் போட்டு, காலையில் ஓபிக்கு வாருங்கள் என்று அனுப்பிவிடுகிற கொடுமை இன்னும் நடக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலைப் பையில் வைத்துக்கொண்டு, வாசலிலேயே இப்படிச் சொல்லுங்கள்: "கீமோ ஏறிப் பத்து நாள் ஆகிறது, காய்ச்சல் 101. வெள்ளணு பார்க்க ரத்தம் எடுங்கள், ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்காமல் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற்றுங்கள்."