மண்ணுக்குள் இருப்பது யாருக்குச் சொந்தம்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஒரு நாட்டின் இயற்கை வளம் அந்த நாட்டு மக்களுக்கே சொந்தம் என்று ஐ.நா. தீர்மானமே இருக்கிறதாமே. அதனால் எந்தச் சின்ன நாட்டுக்காவது உருப்படியாக ஏதாவது கிடைத்ததா?
- சட்டக் கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: கிடைத்தது, ஆனால் காலம் கடந்து. நீங்கள் சொல்வது பொதுச்சபை 1962 டிசம்பர் 14 அன்று நிறைவேற்றிய 1803-ஆவது தீர்மானம். நாட்டுடைமை ஆக்கலாம், உரிய இழப்பீடு கொடுக்க வேண்டும் என்கிறது. அது எப்படி வேலை செய்தது என்று பார்க்க நவுருவுக்குப் போக வேண்டும்.

பசிபிக் கடலில் மொத்தமே 21 சதுர கிலோமீட்டர் உள்ள தீவு. அதன் நடுமேடு முழுக்க உயர்தரப் பாஸ்பேட், உரத்துக்கான மூலப்பொருள். முதல் உலகப் போருக்குப் பின் தீவு ஆஸ்திரேலியா, பிரிட்டன், நியூசிலாந்து ஆகியவற்றின் பொறுப்புக்கு வந்தது. மூன்று அரசுகளும் ஓர் ஆணையம் வைத்து, வெட்டியதை 42, 42, 16 சதவீதம் என்று பங்கு போட்டுக்கொண்டு, அடக்க விலைக்கே தங்கள் விவசாயிகளுக்கு அனுப்பின. தீவை ஆண்டவர்களும் அவர்களே, தோண்டியவர்களும் அவர்களே, விலை வைத்து வாங்கியவர்களும் அவர்களே. மண்ணுக்குச் சொந்தக்காரர்களுக்கு ராயல்டி என்று ஏதோ கொஞ்சம்.

விலையை விட எனக்கு ஆறாதது நிலத்தின் கதிதான். பாஸ்பேட் இருந்தது பவளச் சுண்ணாம்புப் பாறைகளின் இடுக்குகளில். அதைச் சுரண்டி எடுத்த பிறகு மிஞ்சியது ஆள் உயரத்துக்கு மேல் கூர்கூராக நிற்கும் பாறைத் தூண்கள், அதில் பயிர் வைக்க முடியாது, வீடு கட்ட முடியாது, நடக்கவே முடியாது. 1960-களில் ஆஸ்திரேலியா சொன்ன வழி என்ன தெரியுமா? குவீன்ஸ்லாந்து பக்கம் கர்ட்டிஸ் தீவுக்குக் குடிபோங்கள் என்றது. தனி மக்களாக இருக்க முடியாதென்றால் வேண்டாம் என்று ஹேமர் டெரோபர்ட் தலைமையில் நவுரு மக்கள் மறுத்துவிட்டார்கள். 1968-இல் விடுதலை.

அப்புறம், பாழான நிலத்தைச் சீர்செய்வது யார் பொறுப்பு என்று பார்க்க நவுரு ஒரு விசாரணைக் குழு அமைத்தது. தலைவர் இலங்கைச் சட்ட அறிஞர் கிறிஸ்டோபர் வீரமந்திரி. 1989-இல் ஹேக் சர்வதேச நீதிமன்றத்தில் ஆஸ்திரேலியா மீது வழக்கு, தன் வளத்தின் மீது தன் மக்களுக்குள்ள உரிமையையும் அதில் சுட்டியது. மற்ற இரண்டு நாடுகளும் இல்லாமல் எங்களை மட்டும் எப்படி விசாரிப்பீர்கள் என்று ஆஸ்திரேலியா கேட்டது, 1992-இல் நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. அடுத்த ஆண்டே சமரசம், 10 கோடியே 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். இறுதித் தீர்ப்பு வரவில்லை என்பது சட்டம் படிக்கிறவர்களுக்கு ஏமாற்றம்தான். ஆனாலும் சில ஆயிரம் பேர் உள்ள தீவு, தன்னை ஆண்ட நாட்டைப் பணம் கட்ட வைத்தது. சட்டம் இல்லாமல் இது நடந்திருக்கவே நடக்காது.

சரி, பின்னாளில் நவுருவின் சொந்த ஆட்சியாளர்களே பாஸ்பேட் பணத்தைக் கண்டபடி முதலீடு செய்து கரைத்ததும் உண்மை. வளம் மக்களுக்குச் சொந்தம் என்றால் அரசிடமும் கணக்குக் கேட்க வேண்டும், தீர்மானத்திலேயே மக்களின் நலனுக்காக என்றுதான் இருக்கிறது.

கேள்வி: அப்படியென்றால் நடுக்கடலின் அடியில் கிடக்கும் கனிமம் யாருடையது?
- வாசகர், தூத்துக்குடி

பதில்: கரையிலிருந்து 200 கடல் மைல் வரை கடலோர நாட்டுக்கு உரிமை, சில இடங்களில் கண்டத்திட்டு, அதாவது நிலத்தின் தொடர்ச்சியாகக் கடலுக்கடியில் போகும் பகுதி, இன்னும் நீளும். அதைத் தாண்டிய கடல்படுகை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை, மனிதகுலத்தின் பொதுச் சொத்து என்கிறது 1982 கடல் சட்ட ஒப்பந்தம். ஜமைக்காவில் இருக்கும் சர்வதேசக் கடல்படுகை ஆணையம்தான் அனுமதி கொடுக்க வேண்டும். அங்கே தோண்ட விரும்பும் ஒரு நிறுவனத்துக்கு ஆதரவாக, இரண்டு ஆண்டுக்குள் விதிகளை முடியுங்கள் என்று 2021-இல் ஆணையத்தை நெருக்கியது வேறு யாரும் இல்லை, நவுருதான். சொந்த மண்ணைத் தோண்டித் தீர்த்த நாட்டுக்கு வேறு வருமானம் எங்கே என்று அவர்கள் கேட்பது நியாயமே. இருந்தாலும் ஆழ்கடல் உயிர்களைப் பற்றி இன்னும் சரியாகத் தெரியாத நிலையில் அங்கே இயந்திரத்தை இறக்குவதை என்னால் ஆதரிக்க முடியாது.