முப்பது நாள் முடிந்த பிறகு ‘பெர்மிட் வரும்’ என்பதை நம்பலாமா?

கேள்வி: இளம்பிள்ளையில் எங்களுக்குச் சொந்தத் தறி இருக்கிறது. ஆர்டர் குறைந்துபோனதால் டிப்ளமோ முடித்த என் மகன் (வயது 24) வெளிநாடு போகிறேன் என்றான். சேலம் புது பஸ் ஸ்டாண்டு பக்கம் உள்ள ஒரு ஏஜென்ட் 1,40,000 ரூபாய் வாங்கிக்கொண்டு மலேசியாவுக்கு அனுப்பினார். “இப்போது விசாவே தேவையில்லை. போய் வேலையில் சேரட்டும், ஒரு மாதத்தில் பெர்மிட் வாங்கித் தருகிறோம்” என்றார். கோலாலம்பூரில் ஓர் உணவகத்தில் வேலை செய்கிறான். முப்பது நாள் முடிந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பாஸ்போர்ட் முதலாளியிடம் இருக்கிறது. “தாய்லாந்தில் ஹாட்யாய் வரை போய்த் திரும்பினால் புது முத்திரை விழும்” என்று இப்போது இன்னும் 45,000 ரூபாய் கேட்கிறார்கள். கட்டலாமா? என் மகன் சட்டப்படி இருக்கிறானா, இல்லையா?

பதில்: கட்டாதீர்கள் ஐயா. உங்கள் மகன் இப்போது சட்டப்படி அங்கே இல்லை. இதை மென்மையாகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. ஆனால் மூன்று வாரம் என்பது இன்னும் கைமீறிப் போன நிலை அல்ல. அவன் தானாகப் போய் நின்று ஊர் திரும்ப வழி இருக்கிறது. அதைக் கெடுக்கக்கூடியது அந்த ஹாட்யாய் பயணம்தான்.

ஏஜென்ட் சொன்னதில் பாதி உண்மை, அதனால்தான் இத்தனை பேர் ஏமாறுகிறார்கள். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் மலேசியாவுக்குள் நுழைந்து முப்பது நாள் வரை இருக்கலாம். இந்தச் சலுகையை 2026 முடியும்வரை நீட்டித்திருக்கிறார்கள். ஆனால் அது ஊர் சுற்றிப் பார்ப்பதற்கும் உறவினரைப் பார்ப்பதற்கும் கொடுத்த சலுகை, வேலை செய்வதற்கு அல்ல. அப்படியானால் உங்கள் மகன் மீதுள்ள தவறு முப்பத்தோராம் நாள் தொடங்கியது இல்லை, உணவகத்தில் தட்டு எடுத்த முதல் நாளே தொடங்கிவிட்டது. நாள் கடந்தது அதன்மேல் வந்த இரண்டாவது தவறு. ஏற்காட்டில் அறை எடுத்துத் தங்கியவர், ஒரு மாதம் இருந்துவிட்டேன், எஸ்டேட்டில் எனக்கும் பாத்தியதை உண்டு என்று கேட்க முடியாது அல்லவா? சுற்றுலா அனுமதி எத்தனை நாள் நீண்டாலும் குடியிருப்பு உரிமையாக மாறாது.

“பெர்மிட் பிறகு வரும்” என்ற பேச்சுக்கு வருகிறேன். சாதாரணத் தொழிலாளருக்கு மலேசியா தருவது தற்காலிக வேலை அனுமதி. அங்கே பிஎல்கேஎஸ் என்பார்கள். அதற்கு முதலில் அங்குள்ள முதலாளி, வெளிநாட்டு ஆள் எடுக்க அரசிடம் ஒதுக்கீடு வாங்க வேண்டும். பிறகு உங்கள் மகன் பெயருக்கே அனுமதிக் கடிதம் வரும். நம் ஊரில் எல்லோரும் காலிங் விசா என்று சொல்வது அதைத்தான். அதன் பேரில் இங்கேயே மருத்துவப் பரிசோதனை, இங்கேயே விசா, அதற்கப்புறம்தான் விமானம். அங்கே இறங்கியதும் மறுபடி ஒரு மருத்துவப் பரிசோதனை முடித்து பாஸ் தருவார்கள். இதில் பாதி வேலை ஆள் இந்தியாவில் இருக்கும்போதே நடந்து முடிய வேண்டும். சுற்றுலாவாகப் போய் இறங்கியவருக்கு அங்கேயே இதைச் செய்து தரும் கவுன்ட்டர் கிடையாது. போதாக்குறைக்கு, 2023 மார்ச்சில் புதிய வெளிநாட்டுத் தொழிலாளர் ஒதுக்கீட்டு விண்ணப்பங்களையே அந்த அரசு நிறுத்தி வைத்தது. அதற்குப் பிறகும் இங்கே பஸ் ஸ்டாண்டு மாடியில் பலகை மாட்டி ஆள் சேர்க்கிறார்கள் என்றால் அவர்களுடைய துணிச்சலை என்னவென்று சொல்வது!

“அரசாங்கமே திட்டம் போடும், அதில் எல்லோருக்கும் பெர்மிட் கொடுப்பார்கள்” என்றும் சொல்லியிருப்பார்களே? இது அவர்களுக்குக் கிடைத்த நல்ல தூண்டில். மலேசியா அவ்வப்போது அனுமதி இல்லாத தொழிலாளரை முறைப்படுத்தும் திட்டங்களை நடத்தியது உண்மை. கடைசியாக வந்த பெரிய திட்டத்துக்கு 2023 ஜனவரி முதல் டிசம்பர் வரை பதிவு நடந்தது. அதிலும் விண்ணப்பிக்க வேண்டியவர் முதலாளிதான், ஏஜென்ட் இல்லை. அது முடிந்துபோன கதை. அதன்பின் வந்தது ஊருக்குத் திரும்பிப் போகும் திட்டம். 2024 மார்ச் 1 முதல் அந்த ஆண்டு இறுதி வரை ஒன்று. 2025 மே 19 தொடங்கி 2026 ஏப்ரல் 30 வரை என்று அறிவித்த இரண்டாவது ஒன்று. முதல் திட்டத்தில், நாள் கடந்து தங்கியவர் 500 ரிங்கிட் அபராதம் கட்டி, வழக்கு இல்லாமல் ஊர் போகலாம் என்றார்கள். இந்தத் திட்டத்தைக் காட்டியே “உங்கள் பெயரைப் பதிந்துவிட்டோம், பெர்மிட் வரப்போகிறது” என்று பணம் பறித்தவர்கள் இருக்கிறார்கள். திருப்பி அனுப்பும் திட்டத்தை வேலை தரும் திட்டம் என்று விற்றிருக்கிறார்கள்! இன்னொரு காகிதம் ‘ஸ்பெஷல் பாஸ்’. ஊர் திரும்பும் ஏற்பாட்டை முடிப்பதற்காகக் குடிநுழைவுத் துறை தரும் குறுகிய கால அனுமதி அது. யாராவது அதை உங்கள் மகன் கையில் கொடுத்து “இதுதான் பெர்மிட்” என்றால் நம்ப வேண்டாம்.

இனி ஹாட்யாய். நாள் கடக்காத உண்மையான சுற்றுலாப் பயணி எல்லை தாண்டிப் போய்த் திரும்புவது குற்றமில்லை. ஆனாலும் திரும்ப உள்ளே விடுவதா வேண்டாமா என்பது அங்கே உட்கார்ந்திருக்கும் அதிகாரியின் கையில் இருக்கிறது. திரும்பும் டிக்கெட், செலவுக்குப் பணம், தங்கும் இடம் எல்லாவற்றையும் கேட்பார். சந்தேகப்பட்டால் திருப்பி அனுப்பிவிடுவார். உங்கள் மகனோ நாள் கடந்தவன். மலேசியாவைவிட்டு வெளியே போகிற வாசலிலேயே கணினி காட்டிக்கொடுத்துவிடும். “அதற்கு செட்டிங் இருக்கிறது” என்பார்கள். செட்டிங் என்றால் லஞ்சம் கொடுத்து அடித்த முத்திரை, இல்லாவிட்டால் போலி முத்திரை. இன்று அவன் மீதுள்ளது அனுமதியின்றி வேலை செய்ததும் நாள் கடந்ததும் மட்டும்தான். போலி முத்திரை பாஸ்போர்ட்டில் ஏறிவிட்டால் மோசடி வழக்கும் சேர்ந்துகொள்ளும். 45,000 ரூபாய் கொடுத்து அதை நீங்களே வாங்கித் தரப்போகிறீர்களா?

எல்லை தாண்டிய பிறகு அவன் யார் கையில் இருப்பான் என்பதும் உங்களுக்குத் தெரியாது. இந்தியர்கள் பலரைத் தாய்லாந்து வரை சுற்றுலாவாக அழைத்துப்போய், அங்கிருந்து மியான்மர் எல்லைக்குள் கடத்தி, இணைய மோசடிக் கூடாரங்களில் அடைத்து வேலை வாங்கினார்கள். 2025 மார்ச்சில் தாய்லாந்தின் மே சோட்டிலிருந்து இந்திய விமானப்படை விமானங்களில் 549 பேரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஹாட்யாய் அந்த இடத்திலிருந்து வெகு தூரம் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டு பணம் கேட்கிறவர்களை நம்பி இன்னொரு நாட்டுக்குப் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

சட்டம் என்ன தண்டனை சொல்கிறது என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். மலேசியக் குடிநுழைவுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, நாள் கடந்து தங்கியவருக்குக் குறைந்தது 10,000 ரிங்கிட் அபராதம், அல்லது ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. சோதனையில் பிடிபட்டால் வழக்கு முடியும்வரை தடுப்பு முகாமில் வைப்பார்கள். மறுபடி அந்த நாட்டுக்குள் நுழையத் தடையும் வரலாம். அவனை வேலைக்கு வைத்த முதலாளிக்கும் ஆளுக்கு 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு. அதனால்தான் சோதனை வரும்போது முதலாளி பின்கதவைக் காட்டி ஓடச் சொல்கிறார். சம்பளப் பாக்கி கேட்டால் போலீசில் பிடித்துக் கொடுப்பேன் என்று மிரட்டுவதும் இதை வைத்துத்தான். நாள் ஏற ஏற உங்கள் மகனின் கை இறங்கிக்கொண்டே போகும்.

அவன் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் கோலாலம்பூரிலுள்ள இந்தியத் தூதரகத்துக்குப் போக வேண்டும். தொழிலாளர் பிரச்சினையைக் கவனிக்கத் தனிப் பிரிவு அங்கே இருக்கிறது. முதலாளி பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்திருப்பதை எழுத்தில் கொடுக்க வேண்டும். அடுத்தவர் பாஸ்போர்ட்டை உரிமையின்றி வைத்திருப்பது மலேசியச் சட்டப்படியே குற்றம். தூதரகத்திலிருந்து ஒரு போன் போனால் பல முதலாளிகள் கொடுத்துவிடுவார்கள். கொடுக்காவிட்டால், ஊர் திரும்புவதற்கு மட்டும் செல்லும் அவசரகாலச் சான்றிதழைத் தூதரகம் தரும். அதன்பின் குடிநுழைவுத் துறை அலுவலகத்தில் தானே ஆஜராகி, நாள் கடந்ததை ஒப்புக்கொண்டு, அவர்கள் சொல்லும் அபராதத்தைக் கட்டி, வெளியேறும் அனுமதி வாங்க வேண்டும். திருப்பி அனுப்பும் திட்டம் அப்போது நடைமுறையில் இருந்தால் வேலை சுலபம், இல்லாவிட்டாலும் வழி இதுதான். தானாக வந்தவனையும் சோதனையில் சிக்கியவனையும் அதிகாரிகள் ஒரே மாதிரி நடத்துவதில்லை. அபராதத்தை கவுன்ட்டரில் கட்டி ரசீது வாங்க வேண்டும், வாசலில் நிற்கும் புரோக்கரிடம் ஒரு ரிங்கிட்கூடக் கொடுக்கக் கூடாது. டிக்கெட்டுக்கும் வழியில்லை என்றால், துன்பத்தில் இருக்கும் இந்தியருக்கென்று தூதரகங்களில் நலநிதி இருக்கிறது. கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் உங்கள் தெருவிலேயே அப்படி ஒருவர் இருக்கலாம். முறையாகக் காலிங் விசாவில் போனவர், முறையாக பெர்மிட் வாங்கியவர், ஆனால் முதலாளி அதைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார். காகிதத்தில் அவரும் நாள் கடந்து தங்கியவர்தான். ஆனால் அவர் நிலை உங்கள் மகனுடையது அல்ல. வேலைக்கென்றே நுழைந்தவர் அவர், புதுப்பிக்க வேண்டிய கடமை முதலாளியுடையது. இப்படிப்பட்டவர்கள் செய்யும் பெரிய தவறு, பயந்துபோய் வேலையைவிட்டு ஓடிவிடுவது. ஓடிய மறுநாளே முதலாளி “ஆள் தப்பி ஓடிவிட்டார்” என்று புகார் கொடுத்துவிடுவார். அதோடு பழி முழுவதும் தொழிலாளி தலையில் விழும். ஓடக் கூடாது. பெர்மிட் முடிய மூன்று மாதம் இருக்கும்போதே புதுப்பிக்கச் சொல்லி வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேட்க வேண்டும். சம்பளச் சீட்டு, பழைய பெர்மிட் நகல், மருத்துவப் பரிசோதனைச் சீட்டு எல்லாவற்றையும் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவைக்க வேண்டும். முதலாளி இழுத்தடித்தால் தேதி முடியும் முன்பே தூதரகத்துக்கும் அங்குள்ள தொழிலாளர் துறைக்கும் போய்விட வேண்டும். தேதி முடியும் முன் கொடுத்த புகாருக்கு உள்ள மதிப்பு முடிந்தபின் கொடுப்பதற்கு இல்லை. இதைத் தெரியாமல், முறையாகப் போய் முறைகேடானவர்களாகத் திரும்பியவர்கள் நம் மாவட்டத்தில் எத்தனையோ பேர்.

பெரிய படிப்புக்காரர்களுக்கான வேலை பாஸ் வேறு வகை, உங்கள் மகனுக்கு அது பொருந்தாது, விட்டுவிடுவோம்.

இங்குள்ள ஏஜென்ட் விஷயத்தில் எனக்குப் பொறுமை இல்லை. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் மத்திய அரசில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண் உள்ளவர்களின் பட்டியல் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறது. பதிவு பெற்றவரும் சேவைக் கட்டணமாக அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம், அதாவது 35,400 ரூபாய், ரசீதோடு. உங்களிடம் வாங்கியது 1,40,000! “நாங்கள் பெரிய கம்பெனியின் சப்-ஏஜென்ட்” என்பதும் செல்லாது, பதிவில்லாத சப்-ஏஜென்டுக்குச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் அந்தக் குடிபெயர்வுச் சட்டம் 1983ஆம் ஆண்டினுடையது. பதிவில்லாமல் ஆள் அனுப்பினால் இரண்டு ஆண்டு வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது. இரண்டாயிரம் ரூபாய்! ஒரே ஆளிடம் லட்சக்கணக்கில் வாங்குகிறவனுக்கு அது டீச்செலவு. பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் குடிபெயர்வுச் சோதனை தேவையில்லை என்று பாஸ்போர்ட் கொடுக்கிறார்கள். மலேசியாவுக்குக் கூலிவேலைக்குப் போகும், பத்தாவது தேறாதவரை நிறுத்தி ஆவணம் கேட்கும் அரசு, டிப்ளமோ படித்த உங்கள் மகன் சுற்றுலா என்று சொன்னதும் கையசைத்து அனுப்பிவிட்டது. படித்தவன் ஏமாற மாட்டான் என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை. இத்தனை ஆண்டுகளாக இந்த ஓட்டையை அடைக்காமல் வைத்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

புகார் கொடுங்கள், ஆனால் மகன் தூதரகத்தை அடைந்தபின் கொடுங்கள். அதற்கு முன் கொடுத்தால் ஏஜென்ட் அங்குள்ள கூட்டாளியிடம் சொல்லி அவனை மிரட்டக்கூடும். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் சேலம் ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்து எண் வாங்குங்கள். காவல் துறையில் மோசடிப் புகார் கொடுங்கள். தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத் துறைக்கும், சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கும் ஒவ்வொரு நகல் அனுப்புங்கள். பணம் கொடுத்ததற்கு ஜிபே பதிவு, வங்கிச் சீட்டு, ஏஜென்ட் அனுப்பிய குரல் பதிவு எது இருந்தாலும் அழிக்காமல் வேறொரு போனிலும் சேர்த்துவையுங்கள். “புகார் கொடுக்காமல் இருந்தால் பாதிப் பணம் தருகிறேன்” என்று வந்தால் வாங்கிக்கொண்டு வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

மகனுடைய பாஸ்போர்ட் நகல், ஆதார், பிறப்புச் சான்றிதழ் மூன்றும் வீட்டில் இருக்கும். மூன்றையும் தெளிவாகப் படம் எடுத்து இன்றே அவனுக்கு அனுப்புங்கள். பாஸ்போர்ட் கையில் இல்லாமல் தூதரகத்தில் போய் நிற்கும்போது, தான் யார் என்று காட்ட அவனிடம் இருக்கப்போவது அவைதான்.