15 என்ற உச்சி மெத்தில்தானா?

கேள்வி: வெற்றிடக் கலத்தில் டங்ஸ்டன் இழையைச் சூடாக்கி மீத்தேன் விடுகிறேன். வாயுவை அயனியாக்கி (மின்னூட்டம் ஏற்றி) நிறைவாரியாகப் பிரித்துக் காட்டும் நிறை நிறமாலைமானியில் நிறை 15 என்ற இடத்தில் உயரமான உச்சி தெரிகிறது. மெத்தில் தனி உறுப்பு (மீத்தேன் ஒரு ஹைட்ரஜனை இழந்த துண்டு, CH₃) உருவாகிவிட்டது என்று ஆய்வேட்டில் எழுதலாமா?

பதில்: எழுத வேண்டாம். இழையை அணைத்துவிட்டுப் பாருங்கள். அந்த உச்சி அப்போதும் நிற்கும். கருவியின் வழக்கமான 70 எலக்ட்ரான் வோல்ட் எலக்ட்ரான்கள் மீத்தேனையே உடைத்து, மீத்தேனின் சொந்த உச்சியான 16இன் உயரத்தில் ஏறத்தாழ 85 சதவீதத்துக்கு 15 உச்சியைத் தந்துவிடும். நீங்கள் காண்பது கருவியே செய்த சேதம்.

எலக்ட்ரான் ஆற்றலைக் குறையுங்கள். மெத்திலை அயனியாக்க 9.84 எலக்ட்ரான் வோல்ட் போதும். மீத்தேனுக்கு 12.6 வேண்டும், மீத்தேனை உடைத்து மெத்தில் அயனி எடுக்கவோ சுமார் 14.3 ஆகும். ஆகவே 12 அளவில் 15 உச்சி தெரிந்தால் அது உண்மையான மெத்தில். ஆனால் கருவி காட்டும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். எலக்ட்ரான்கள் அனைத்தும் ஒரே ஆற்றலுடன் வருவதில்லை. ஆர்கானை உள்ளே விட்டு, அதன் 40 உச்சி எந்த ஆற்றலில் முளைக்கிறது என்று பார்த்து, ஆர்கானை அயனியாக்கத் தேவையான 15.76 உடன் ஒப்பிட்டுத் திருத்துங்கள். குறைந்த ஆற்றலில் சமிக்ஞை பரிதாபமாகச் சுருங்கும். மணிக்கணக்கில் சேகரிக்கும் பொறுமை வேண்டும்.

அயனியாக்கும் பகுதியிலும் ஒரு சூடான இழை இருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதுவும் வாயுவைச் சிதைக்கும். அதனால் ஒவ்வொரு அளவீட்டையும் உங்கள் இழை எரியும்போது ஒரு முறை, அணைந்திருக்கும்போது ஒரு முறை எடுத்துக் கழிக்க வேண்டும். மாதிரியை வளைந்த குழாய் வழியாகக் கொண்டுபோனால் மெத்தில் சுவரில் பட்டே தீர்ந்துவிடும். இழைக்கு நேர் எதிரே சிறு துளை வைப்பதுதான் வழி. லேசர் வசதி இருந்தால் 118 நானோமீட்டர் ஒளி இன்னும் சுத்தமான விடை தரும்: அதன் ஆற்றல் 10.5 எலக்ட்ரான் வோல்ட், மெத்திலைத் தொடும், மீத்தேனைத் தொடாது.

மெத்தில் கிடைத்த பிறகும் ஒரு கேள்வி மிஞ்சும்: அது இழையின் மேல் பிறந்ததா, வாயுவில் பிறந்ததா? இழையிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் அணு, மீத்தேனிடமிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறித்தாலும் மெத்தில்தான் வரும். அழுத்தத்தைப் படிப்படியாகக் குறையுங்கள். சமிக்ஞை அழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் குறைந்தால் மேற்பரப்பை நம்பலாம்; அதைவிட வேகமாக விழுந்தால் வாயுவில் நடக்கும் வினையைச் சந்தேகியுங்கள். டங்ஸ்டன் மீத்தேனின் கார்பனைக் குடித்துக் கார்பைடாக (கார்பனுடன் சேர்ந்த சேர்மமாக) மாறுவதால், ஒரே மின்னோட்டத்தில் வெப்பநிலையும் நகரும். எனவே மின்னோட்டத்தை அல்ல, வெப்பநிலையைப் பதிவு செய்யுங்கள்.

ஹைட்ரஜன் அணு இருக்கிறதா என்று மட்டும் அறிய விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். மஞ்சள் டங்ஸ்டன் ஆக்சைடு பூசிய கண்ணாடித் துண்டை, சூடேறாத தூரத்தில் வையுங்கள். அணு பட்டால் நீலமாகும். சாதாரண ஹைட்ரஜன் மூலக்கூறு அறை வெப்பநிலையில் அதை அசைக்காது. 1929இல் வேதியியலாளர்கள் பனெத்தும் ஹோஃபெடிட்ஸும் மெத்திலை முதலில் பிடித்ததும் இதே போன்ற எளிய வித்தையால்தான்: குழாயின் உட்சுவரில் முகக்கண்ணாடி போல் படிந்த மெல்லிய ஈயப் பூச்சு, மெத்தில் கடந்து போகையில் கரைந்து மறைந்தது.