ப்ளெண்டருக்குள் தொட்டபெட்டா: உயரத் தரவு பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: விண்கலத்திலிருந்து ரேடாரால் அளந்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவில் தொட்டபெட்டா வரும் கோப்பை, என்11இ076, இறக்கி, ப்ளெண்டர் என்ற 3டி மென்பொருளுக்குள் கொண்டுவந்தேன். மலைக்குப் பதில் ஊசி ஊசியாக நிற்கிறது. கோப்பு கெட்டுவிட்டதா சார்?

பதில்: கோப்பு நன்றாகத்தான் இருக்கிறது. குறுக்கும் நெடுக்கும் டிகிரியில், உயரம் மட்டும் மீட்டரில்; அதுதான் சிக்கல். ஒரு டிகிரி என்பது அங்கே சுமார் 110 கிலோமீட்டர். ப்ளெண்டருக்கு அது எங்கே தெரியும்? 1 அலகு அகலத் தரையில் 2,637 அலகு உயர மலையை நட்டுவிடுகிறது. முதலில் க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் திறந்து, ராஸ்டர் மெனுவில் 'வார்ப்' கொடுத்து, மீட்டரில் இடத்தைக் குறிக்கும் யூடிஎம் முறையில் 43 வடக்கு மண்டலத்துக்கு மாற்றுங்கள். பட்டியலில் அதன் இபிஎஸ்ஜி எண் 32643. எல்லாமே மீட்டராகிவிடும். அப்படியே ஊட்டியைச் சுற்றி வேண்டிய துண்டை மட்டும் வெட்டிக்கொள்ளுங்கள். முழுக் கோப்பு 3601க்கு 3601, கிட்டத்தட்ட 1.3 கோடிப் புள்ளிகள். சாதாரண லேப்டாப் தாங்காது.

கேள்வி: அண்ணா, மலை வந்துவிட்டது, ஆனால் சரிவு முழுக்கப் படிக்கட்டாக இருக்கிறது. பிஎன்ஜி படமாக்கித்தான் ஏற்றினேன்.

பதில்: 8 பிட்டில் எடுத்திருப்பீர்கள் தம்பி. அதில் கறுப்பிலிருந்து வெள்ளை வரை 256 படிகள்தான். மேட்டுப்பாளையம் முதல் தொட்டபெட்டா வரை சுமார் 2,300 மீட்டரை அதற்குள் அடைத்தால் ஒரு படி 9 மீட்டர். ஊட்டி காரட் தோட்டம் மாதிரி அழகாகத்தான் இருக்கும், ஆனால் பொய். 16 பிட்டில் எடுங்கள். அப்புறம் ப்ளெண்டரில் அந்தப் படத்தின் கலர் ஸ்பேஸை 'நான்-கலர்' என்று வையுங்கள். இதைத்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். வண்ணப் படங்களுக்கான எஸ்ஆர்ஜிபியிலேயே விட்டால் தாழ்வான இடமெல்லாம் தட்டையாகி, சிகரம் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும்.

கேள்வி: நடுவில் ஓரிடத்தில் அடியே இல்லாத கிணறு!

பதில்: அங்கே மதிப்பைப் பாருங்கள், −32768 என்று இருக்கும். ரேடாரால் உயரம் எடுக்க முடியாத இடத்தில் வைத்த அடையாள எண் அது. க்யூஜிஐஎஸ்ஸில் 'ஃபில் நோ டேட்டா' கொடுத்தால் தூர்ந்துவிடும்.

கேள்வி: உயரத்தை மூன்று மடங்காக்கினால் எடுப்பாக இருக்குமா?

பதில்: நீலகிரிக்கா? வேண்டவே வேண்டாம்.

கேள்வி: குன்னூரில் வீடு கட்டப் போகிறோம். இதே தரவில் மனையை மாடல் செய்யலாமா?

பதில்: கூடாது. 30 மீட்டருக்கு ஒரு புள்ளி என்றால் 20 சென்ட் மனையே ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடும். தவிர, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் சுற்றி எடுத்த அளவு இது. அதற்குப் பிறகு வெட்டிய சாலை, மண் எடுத்த சரிவு எதுவும் இதில் இல்லை. அடர்ந்த மரம் இருக்கும் இடத்தில் தரை உயரமும் கிடைக்காது, மர உச்சியை ஒட்டித்தான் காட்டும். சர்வேயரைக் கூப்பிட்டு டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவி வைத்து அளந்துவிடுங்கள். சுற்றியுள்ள மலையைப் பின்னணியில் காட்ட மட்டும் இந்தத் தரவு போதும்.