கிங்கின் பிடிகள்: காட்பாடி நண்பருக்கு

டெக்கன் 7 (Tekken 7) சண்டை வீடியோ கேமில் மல்யுத்த வீரர் கிங்கை வைத்து எந்தப் பிடி போட்டாலும் சத்துவாச்சாரி நண்பர் தப்பிவிடுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். சாதாரணப் பிடி மட்டும் போட்டால் அப்படித்தான். இடது, வலது குத்தில் எதை அழுத்தினாலும் விடுபடும்.

கிங்கின் சிறப்புப் பிடிகளான ஜெயன்ட் ஸ்விங்கையும் மசில் பஸ்டரையும் ஜோடியாக வைத்துக்கொள்ளுங்கள். முன்னதை உடைக்க, அதாவது அதிலிருந்து விடுபட, இடது குத்து, பின்னதற்கு இரண்டு குத்தும் சேர்த்து. கிங்கின் கைகளைப் பார்த்து அவர் நொடிக்குள் முடிவெடுக்க வேண்டும். திணறினால், பிடியில் சிக்காமலிருக்கக் குனியத் தொடங்குவார். நமக்கு வேண்டியதே அதுதான்! குனிந்தவரை, குனிந்தாலும் படும் நடுமட்ட அடியால் தூக்கிவிடுங்கள்.

ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரும் சங்கிலிப் பிடிகளை இப்போதைக்குத் தொடாதீர்கள். பார்க்க அமர்க்களமாக இருக்கும். உடைக்கத் தெரிந்தவரிடம் பாதியில் அறுந்துவிடும். அவற்றை மனப்பாடம் செய்யும் நேரத்தில் ஜெயன்ட் ஸ்விங்கை இரு பக்கமிருந்தும் பிசகாமல் போடப் பழகலாம்.