பட்டா இருந்தால் கடற்கரைக்கு வேலி போடலாமா?

கேள்வி: நாகப்பட்டினம் நகராட்சி எல்லைக்குள் கடற்கரையை ஒட்டிக் குடியிருக்கிறோம். போன ஐப்பசியில், கரையோரம் இடம் வாங்கிய ஒருவர் ஜேசிபி வைத்து மணல்மேட்டைச் சமப்படுத்தி, கல்லுக்கால் நட்டு, தண்ணீர் வரைக்கும் முள்கம்பி இழுத்துவிட்டார். ரிசார்ட் வரப்போகிறதாம். ராத்திரி முழுக்கப் பெரிய லைட் எரிகிறது. பிள்ளைகள் விளையாடிய இடம், வருஷா வருஷம் ஆமை ஏறி முட்டையிடும் இடம். நகராட்சியில் கேட்டால் ‘பட்டா நிலம், நாங்கள் ஒன்றும் செய்வதற்கில்லை’ என்கிறார்கள். மிச்சமுள்ள கரையிலாவது பூங்கா கட்டித் தருகிறோம் என்கிறார் கவுன்சிலர். அதை வாங்கிக்கொண்டு, அப்படியே கருவாடு காயப்போடுகிறவர்களையும் அப்புறப்படுத்தினால் கரை சுத்தமாகிவிடும் என்று தெருவில் சிலர் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்தப் பட்டாவை ஓரமாக வையுங்கள். நிலம் யாருடையது என்று சண்டை போடப் போனால் வழக்கு சிவில் கோர்ட்டில் பத்து வருஷம் ஓடும், அதற்குள் ரிசார்ட்டில் பொங்கல் சிறப்புச் சலுகை விளம்பரமே வந்துவிடும். நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அந்த இடத்தில் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது? இதற்குப் பதில் பட்டாவில் இல்லை, கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில் இருக்கிறது. எல்லோரும் சிஆர்இசட் என்று சொல்வது இதைத்தான். 1991இல் முதலில் வந்தது, 2011இல் மாற்றினார்கள், 2019இல் மறுபடியும் மாற்றினார்கள். கடலோரத்தில், பெரிய ஓதத்தில் தண்ணீர் ஏறி நிற்கிறதே அந்த உயர் ஓதக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரை இது செல்லும், நிலம் சர்க்காருடையதா தனியாருடையதா என்று பார்க்காது. ‘பட்டா நிலம்’ என்று நகராட்சி சொன்னது பதிலே இல்லை.

உங்கள் ஊர் நகராட்சி என்பதால் கட்டடங்கள் நிறைந்த பகுதி பெரும்பாலும் சிஆர்இசட் இரண்டாம் வகையில் வரும். அதில், ஏற்கெனவே இருக்கிற சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ நிலப்பக்கம்தான் புதிதாகக் கட்டலாம், கடல் பக்கம் கூடாது. ஆனால் மணல்மேடும் ஆமை முட்டையிடும் கரையும் முதல் வகை, இருப்பதிலேயே கறாரான பாதுகாப்பு அதற்குத்தான். அந்த இடம் எந்த வகையில் குறிக்கப்பட்டிருக்கிறது என்று உங்கள் மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் பாருங்கள். வரைபடத்தில் ஆமை இடம் விட்டுப்போயிருந்தால் அதையும் மனுவில் எழுதுங்கள். வனத்துறை அங்கே முட்டை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்த பதிவு இருந்தால் அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

மணல்மேட்டைச் சமப்படுத்தியது தனிக் குற்றம். 2011 அறிவிக்கையில், அழகுபடுத்தவோ பொழுதுபோக்குக்கோ என்றாலும் மணல்மேட்டை மாற்றக்கூடாது என்று பட்டவர்த்தனமாகவே எழுதியிருந்தது. 2019இல் ‘செயல்பாட்டில் உள்ள மணல்மேடு’ என்று சுருக்கிவிட்டார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் இதில்தான் தொங்குவார், ‘அது செத்த மேடு, வெறும் குப்பை மண்’ என்பார். அதனால் இடிபடாமல் மிச்சமிருக்கும் பக்கத்து மேட்டை இன்றைக்கே படம் எடுங்கள். அடப்பங்கொடி படர்ந்திருப்பது, இராவணன் மீசைப் புல் மணலைப் பிடித்து நிற்பது, நண்டு வளை, காற்றில் மணல் வரிவரியாக ஏறியிருப்பது, எல்லாம் தெரிய வேண்டும். தரைமட்டமாக்கிய இடமும் அதே படத்தில் ஓரமாக விழுந்தால் இன்னும் நல்லது.

வேலிக்கு வருவோம். ரிசார்ட்டுக்கான விதிகள் அறிவிக்கையின் பின்னிணைப்பிலேயே இருக்கின்றன: வேலி எதுவானாலும் பொதுமக்கள் கடற்கரைக்குப் போவதை எந்த விதத்திலும் தடுக்கக்கூடாது, மணல்மேட்டைத் தட்டையாக்கக்கூடாது, இரண்டு விடுதிகளுக்கு நடுவே ஜனங்கள் போய்வர குறைந்தது 20 மீட்டர் இடைவெளி விட வேண்டும். அதிலும் கம்பி தண்ணீர் வரைக்கும் போயிருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் 1905ஆம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டமே போதும். உயர் ஓத மட்டத்துக்குக் கீழே இருக்கும் கடற்படுகை அரசின் சொத்து என்று அதன் இரண்டாம் பிரிவு சொல்கிறது. அந்தத் துண்டுக்கு பி மெமோ (ஆக்கிரமிப்பு நோட்டீஸ்) கொடுக்கச் சொல்லி தாசில்தாருக்கு எழுதுங்கள். இதற்கு சிஆர்இசட் புத்தகத்தைத் திறக்கக்கூட வேண்டாம்.

பட்டாவை ஓரமாக வைக்கச் சொன்னேன், ஆனால் ஒருமுறை புரட்டிப் பார்ப்பதில் தப்பில்லை. சுனாமிக்குப் பிறகு 2005இல், கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு இழந்தவர்கள் உள்ளே தள்ளிப் புது வீடு வாங்கிக்கொள்ளலாம், ஆனால் பழைய மனையை அரசுக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும், அந்த இடம் பொதுக் காரியத்துக்கென்று வைக்கப்படும் என்று அரசாணை போட்டார்கள். நாகையில் எத்தனையோ குடும்பங்கள் அப்படிக் கையெழுத்துப் போட்டன, உங்கள் தெருவிலேயே யாராவது இருப்பார்கள். அவர்கள் விட்டுக்கொடுத்த சர்வே எண்ணும் இந்த வேலிக்குள் இருக்கிறதா? அ-பதிவேடு (வருவாய்த் துறையின் நிலப் பதிவேடு), வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம் மூன்றையும் வைத்துப் பாருங்கள். அப்படி ஒன்று அகப்பட்டால் வழக்கே வேறு.

ஆமை விஷயத்தில் காத்திருக்க நேரமில்லை, இது தை மாதம். பங்குனி ஆமை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அந்தச் சட்டத்தில் ‘வேட்டை’ என்றால் கொல்வது மட்டுமில்லை, ஊர்வனவற்றின் முட்டையை, கூட்டைக் கலைப்பதும் வேட்டைதான். 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை. முட்டை பொரிய 45 முதல் 60 நாள் ஆகும், பொரிந்து வரும் குஞ்சு வெளிச்சம் தெரியும் பக்கம்தான் போகும். கடல் பக்கம் போக வேண்டியது லைட்டைப் பார்த்து ரோட்டுப் பக்கம் ஏறிவிடும். எனவே வனச்சரக அலுவலகத்தில் இந்த வாரமே மனு கொடுங்கள். வழக்கு எல்லாம் அப்புறம், முதலில் லைட்டை அணைக்கவோ கடல் பக்கம் மறைக்கவோ சொல்லட்டும். மனுவின் நகலில் சீலும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

அடுத்து ஒரு ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டினால் போதும். ‘ஏன் தடுக்கவில்லை’ என்று கேட்டால் பதில் வராது, காகிதத்தைக் கேளுங்கள்: இந்தச் சர்வே எண்ணுக்கு சிஆர்இசட் அனுமதி கொடுக்கப்பட்டதா, அதன் நகல், கட்டட வரைபட ஒப்புதல் நகல், கள ஆய்வு அறிக்கை. ஆட்சியரைத் தலைவராகக் கொண்ட மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்துக்கு ஒன்று, நகராட்சிக்கு ஒன்று. அனுமதியே வாங்கவில்லை என்று எழுத்தில் வந்தால் பாதி வேலை முடிந்தது.

வழக்கு போடுவதானால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், அதன் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1000 ரூபாய், வக்கீல் இல்லாமல் நீங்களே நின்றும் வாதாடலாம் (என் தொழிலுக்கு நானே உலை வைக்கிறேன், பரவாயில்லை). கெடுவை மட்டும் மறக்காதீர்கள். பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதம், தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள், அவ்வளவுதான். பிரச்சினை ஐப்பசியில் எழுந்தது என்கிறீர்கள், சித்திரையில் ஆறு மாதம் தீர்ந்துவிடும். ஆட்சியர் பதில் சொல்லட்டும், கவுன்சிலர் பேசிப் பார்க்கட்டும் என்று காத்திருந்து இந்தக் கெடுவைத் தவற விடுகிறவர்கள்தான் அதிகம். அனுமதி கொடுத்திருந்தார்கள் என்று தெரிந்தால் அதை எதிர்த்து மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான், அதற்கும் மேலே 60 நாள் கேட்கலாம். இடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரச் சொல்லிக் கேட்கும் மனுவுக்கு மட்டும் 5 வருஷம் உண்டு.

கட்டி முடித்துவிட்டால் யார் இடிப்பார்கள் என்று தெருவில் சொல்வார்கள். கேரளாவில் மரடு அடுக்குமாடிகளை 2020 ஜனவரியில் வெடி வைத்துத் தகர்த்தது சிஆர்இசட் மீறலுக்காகத்தான். அவ்வளவு தூரம் போவானேன், நம் நாகை மாவட்டத்து நிலமற்ற மக்களுக்காக உழைத்த சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் போட்ட வழக்கில்தானே இந்தக் கரையோர இறால் பண்ணைகளை அகற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது? அந்த வழக்கில் நீதிமன்றம் கரைக்கு நிபுணர்களை அனுப்பி அறிக்கை வாங்கியது. கோஷத்தைவிட அந்தக் கள அறிக்கைதான் பேசியது. (2005இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் கொண்டுவந்து பண்ணைகளுக்கு வழிவிட்டது வேறு கதை, அந்த வயிற்றெரிச்சலை இன்னொரு நாள் பேசலாம்.) அதே மாதம்தான் கமல்நாத் வழக்கில், ஆறு, கடற்கரை போன்றவற்றுக்கு அரசு வெறும் அறங்காவலர், தனியாருக்குத் தூக்கிக் கொடுக்க முடியாது என்ற கோட்பாட்டையும் உச்ச நீதிமன்றம் நம் சட்டத்தில் சேர்த்தது. உங்கள் மனுவில் இந்த இரண்டு தீர்ப்பும் இருக்கட்டும்.

இப்போது பூங்கா. தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். நகராட்சி போடும் சிமெண்டுத் தளமும் அவர் போட்ட கல்லுக்காலும் ஆமைக்கு ஒன்றுதான். சட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. 2019 அறிவிக்கையில் தற்காலிகக் குடில், கழிப்பறை, இருக்கை போன்றவற்றுக்கு இடம் உண்டு, அதுவும் உயர் ஓதக் கோட்டிலிருந்து 10 மீட்டர் தள்ளி, ஒப்புதல் பெற்ற சுற்றுலாத் திட்டத்தில் இருந்தால் மட்டும். தவிர, ஒரு பக்கம் நீங்களே பூங்கா கேட்டிருந்தால் எதிர்த்தரப்பு அந்த மனுவைத்தான் முதலில் நீதிபதியிடம் நீட்டுவார்.

கருவாடு காயப்போடுகிறவர்களை அப்புறப்படுத்துவது பற்றிக் கேட்டீர்கள். கூடவே கூடாது. வலை உலர்த்துவதும் மீன் காயப்போடுவதும் அறிவிக்கையே மதிக்கிற பாரம்பரியப் பயன்பாடு, அதை ரிசார்ட்டோடு சேர்த்துப் பேசினால் வழக்கும் கெடும், ஊரும் இரண்டாகும். ‘எனக்கு முன்னால் அவர்களை எடுங்கள்’ என்று வேலிக்காரர் சொல்லக் காத்திருக்கிறார், அந்த வாய்ப்பை நீங்களே கொடுக்காதீர்கள். மாறாக, மீனவர்களின் ஊர்ப் பஞ்சாயத்தான நாட்டார் பஞ்சாயத்திடம் போய் உட்கார்ந்து பேசுங்கள். ஆமை எந்த இடத்தில் ஏறும், ஓதம் எதுவரை வரும், மேடு எவ்வளவு உயரம் இருந்தது என்று அவர்கள் சொல்வதைப் பெயர், வயது, தொழிலோடு எழுதி ஆளுக்கொரு பிரமாண வாக்குமூலமாக வாங்குங்கள். மனுதாரர்களில் முதல் பெயர் அவர்களில் ஒருவருடையதாக இருந்தால் நல்லது.