நோட்டில் அம்புக்குறி போடும் பையன் என்ன படிக்கலாம்?

அன்புச் சகோதரிக்கு,

பிளஸ் டூ முடித்த மகனுக்கு எந்நேரமும் ஃபுட்பால்தான், மாவட்ட அணியில்கூட இடம் கிடைக்கவில்லை, அவன் மாமா மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்க்கச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். கவலை நியாயமானதுதான். ஆனால் வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து அந்த சீட்டை வாங்காதீர்கள். கடன் அடைக்கப்போவதும் மாமா இல்லை, நான்கு வருடம் உட்கார்ந்து படிக்கப்போவதும் மாமா இல்லை.

டிவியில் மேட்ச் ஓடும்போது நோட்டில் பதினொரு பேரையும் புள்ளி வைத்து, யார் எங்கே நகர்ந்தார் என்று அம்புக்குறி போடுகிறான் என்றீர்களே, அது பயிற்சியாளருக்கு உரிய பழக்கம்.

"சரியாக ஆடவே வராதவன் பயிற்சி கொடுப்பானா?" என்று உறவினர்கள் கேட்பார்கள். ஹெர்பர்ட் சாப்மனைச் சொல்லுங்கள். இங்கிலாந்தின் கிவெட்டன் பார்க்கில் 1878இல் பிறந்த சுரங்கத் தொழிலாளி மகன். கிளப் கிளப்பாக மாறி ஆடியும் பெரிதாகச் சோபிக்கவில்லை. 1907இல் நார்தாம்ப்டன் டவுன் என்ற கிளப்பில் ஆடிக்கொண்டே மேனேஜரானார், அதாவது தலைமைப் பயிற்சியாளர். கடைசி இடத்தில் கிடந்த அணி அது. தன் ஆட்களைப் பின்வாங்க வைத்து, எதிரணித் தடுப்பாட்டக்காரர்களை முன்னே இழுத்து, அவர்கள் விட்டுவந்த இடத்தில் பாய வைத்தார். 1909இல் சதர்ன் லீக் பட்டம்! அப்புறம் ஹடர்ஸ்ஃபீல்டு, ஆர்சனல் என்ற கிளப்புகளுக்குத் தலா இரண்டு லீக் பட்டம் வாங்கித் தந்தார்.

அவர் சுரங்கப் பொறியியலும் படித்தவர். முதல் உலகப்போரின்போது வெடிமருந்துத் தொழிற்சாலையில் நிர்வாகியாக இருந்தார். அதனால் டிகிரி வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். அரசுக் கல்லூரியில் அவனுக்குப் பிடித்த பாடத்தில் சேரட்டும், கல்லூரி அணியிலும் ஆடட்டும்.

18 வயது முடிந்ததும் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு பயிற்சியாளர்களுக்குத் தரும் டி லைசென்ஸ் எழுதலாம். சில நாள் பயிற்சிதான், சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அது போதும். பிறகு சி, பி, ஏ, கடைசியில் ப்ரோ. நடுநடுவே களத்தில் நின்று பயிற்சி கொடுத்த அனுபவம் வேண்டும், அவசரப்பட்டுத் தாவ முடியாது. டிகிரிக்கு அப்புறம் பாட்டியாலா என்.ஐ.எஸ். (தேசிய விளையாட்டு நிறுவனம்) தரும் பயிற்சியாளர் டிப்ளமோவும் இருக்கிறது. அரசுப் பயிற்சியாளர் வேலைக்கு அது பெரிய பலம். அதில் சேர, ஆடிய சான்றிதழ் கேட்பார்கள். கல்லூரி அணியை நான் வலியுறுத்துவது அதற்காகத்தான்.

ஆரம்பச் சம்பளம் குறைவுதான், மறைக்க மாட்டேன். வெளிநாட்டு டிரையல் என்று லட்சக்கணக்கில் கேட்பவர்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

இந்த ஞாயிறே பக்கத்து கிளப்பில் சின்னப் பிள்ளைகள் அணிக்கு உதவியாக நிற்க அனுப்புங்கள். ஆறு மாதம் கழித்தும் ஆசை குறையவில்லை என்றால் டி லைசென்ஸுக்குப் பணம் கட்டுங்கள்.